தண்ணீர் வராத குழாய்!

சுவரிலே சிவப்பு உருளை ஒன்று தொங்குகிறது. பக்கத்திலே, சிவப்பு வண்ணம் பூசிய நான்கு வாளிகள் வரிசையாக நிற்கின்றன. வாளியின் வயிற்றிலே ‘தீ’ என்று வெள்ளை எழுத்து. வாயிற்படியிலே நின்று பார்ப்பவர், “ஆகா! நல்ல ஏற்பாடு! நெருப்பு வந்தால் நிமிடத்திலே அணைத்துவிடுவார்கள்!” என்று மெச்சிக்கொண்டு போவார்.

நாமும் மெச்சினோம் — அருகிலே சென்று பார்க்கும் வரையிலே.

ஓர் ஆலை. பெயர் வேண்டாம், ஒன்றன் பெயரைச் சொன்னால், மற்றவையெல்லாம் மாசற்றவை என்று பொருளாகிவிடும்! ஆயுத பூசை நாளிலே தொழிலாளர் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள் அல்லவா, அன்று தோழர் ஒருவர் நம்மையும் அழைத்துச் சென்றார். வாளிக்குள்ளே எட்டிப் பார்த்தோம். மணல் இருந்தது; ஆனால் மணல் கண்ணுக்குத் தெரியவில்லை. வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, தேநீர்க் குவளை — இவ்வளவையும் சுமந்துகொண்டு அடியிலே கிடந்தது. சிவப்பு உருளையின் கழுத்திலே யாரோ ஒருவருடைய தூக்குச்சட்டி தொங்கிற்று. உருளையின் தலைப்பக்கம், அழுத்தம் காட்டும் சிறு கண்ணாடி வட்டம் உண்டு. அந்தக் கண்ணாடி மேலே சந்தனப் பொட்டு. பொட்டின் மேலே குங்குமம்! பொட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். பச்சையிலே நிற்கவேண்டிய முள், சிவப்பிலே படுத்துக் கிடந்தது. கழுத்திலே கட்டிய அட்டையிலே, கடைசியாகச் சோதித்த தேதி — இரண்டாண்டுகளுக்கு முந்தியது.

“ஏனய்யா, இது வேலை செய்யுமா?” என்று கேட்டோம்.

“இன்ஸ்பெக்டர் வர்றப்போ துடைச்சு வெச்சிருவோமுங்க” என்றார் மேஸ்திரி, வெள்ளை உள்ளத்தோடு.

அவர் மீது நமக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். தீயணைக்கும் கருவி என்றால், தீயை அணைப்பதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதிகாரியின் கண்ணை அணைப்பதற்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்!

தோழர்களே! இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது இதைப் பற்றித்தான். பஞ்சப்படி பற்றி எழுதியிருக்கிறோம். போனஸ் பற்றி எழுதியிருக்கிறோம். ஆட்குறைப்பு பற்றி ஆத்திரத்தோடு எழுதியிருக்கிறோம். பஞ்சப்படி வாங்கவும் ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே! அந்த உயிருக்குக் காவலாக நிறுத்தப்பட்ட கருவி, காவல் காக்கிறதா, கண்மூடிக் கிடக்கிறதா என்று எவரேனும் பார்க்கிறோமா?

கருவியே இல்லாத இடத்தைவிட, செத்த கருவி தொங்கும் இடம் கொடியது. இல்லையென்று தெரிந்தவன், நெருப்பைக் கண்டதும் வாசலைப் பார்த்து ஓடுவான், பிழைப்பான். இருக்கிறதென்று நம்பியவனோ, உருளையை நோக்கி ஓடுவான், ஊசியைப் பிடுங்குவான், பிடியை அழுத்துவான். ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான்! அதற்குள் நெருப்பு கூரையைத் தொட்டிருக்கும்; புகை வாசலை மறைத்திருக்கும். பிழைக்கப் போதுமாயிருந்த முதல் நிமிடத்தை, அந்தச் சிவப்புப் பொய் தின்றுவிடும்.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ணுவோர், நம்மோடு நியூயார்க் நகருக்கு வரட்டும்.

1911ஆம் ஆண்டு, மார்ச் 25. சனிக்கிழமை மாலை. பத்து மாடிக் கட்டடம். அதன் மேல் மூன்று மாடிகளிலே, டிரையாங்கிள் என்ற பெயருடைய தொழிற்சாலை. பெண்கள் அணியும் சட்டை தைக்கும் இடம். தைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். வாரக் கூலியோடு வீடு திரும்பும் வேளை. எட்டாம் மாடியிலே, வெட்டித் தள்ளிய துணித் துண்டுகள் குவிந்த பெட்டியிலே, நெருப்புப் பிடித்தது.

வாளிகளிலே தண்ணீர் இருந்தது; எடுத்து வீசினார்கள்; போதவில்லை. படிக்கட்டருகே தீயணைக்கும் குழாய் இருந்தது, இழுத்தார்கள், திருகினார்கள். தண்ணீர் வரவில்லை!

குழாய் இருந்தது, தோழர்களே! சட்டம் கேட்டால் காட்டுவதற்குக் குழாய் இருந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

பத்தாம் மாடியிலே முதலாளிகள் இருந்தனர். அவர்களுக்குத் தொலைபேசியிலே செய்தி எட்டியது. கூரை வழியே தப்பினர். ஒன்பதாம் மாடியிலே தையல் பெண்கள் இருந்தனர். அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. நெருப்பே வந்து செய்தி சொல்லிற்று. ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவுக்கு ஓடினர், பூட்டியிருந்தது! ஏன் பூட்டினார்கள்? வேலை முடிந்து போகும் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதாம். எல்லோரையும் ஒரே வழியாக அனுப்பிக் கைப்பையைச் சோதிக்கவேண்டுமாம்! வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தீயணைப்புப் படை விரைந்து வந்தது. அதன் ஏணி ஆறாம் மாடி வரையிலேதான் எட்டிற்று. அரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. மாண்டவர் 146 பேர். பெண்கள் 123, ஆண்கள் 23.

வழக்கு நடந்தது. முதலாளிகள் இருவரும் அந்த ஆண்டு டிசம்பரிலே விடுதலை பெற்றனர். கதவு அந்த நேரத்திலே பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லையாம்! அந்த இருவரிலே ஒருவர், மாக்ஸ் பிளாங்க் என்பவர், 1913ஆம் ஆண்டு வேறொரு தொழிற்சாலையிலே மறுபடியும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். விதித்த அபராதம் 20 டாலர்! 146 பிணங்களைப் பார்த்த பின்பும் பூட்டைப் பிரிய மனம் வரவில்லை. 20 டாலரோடு அந்தக் கணக்கும் தீர்ந்தது.

“ஐயோ பாவம், அந்தக் காலத்திலே அறிவியல் வளரவில்லை, என்ன செய்வது!” என்று இரங்குவோர் இருக்கக்கூடும். அறிவியல் வளர்ந்துதான் இருந்தது. அந்த நெருப்புக்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, 1874ஆம் ஆண்டிலேயே, தானாக நீர் தெளிக்கும் கருவிக்கு ஹென்றி பார்மலி என்பவர் உரிமை பெற்றுவிட்டார். அவர் ஒரு பியானோத் தொழிற்சாலைக்காரர். தம்முடைய பியானோக்கள் எரிந்து போகாமல் காப்பதற்கு அதைச் செய்தார். அமெரிக்காவின் வடகிழக்கிலே இருந்த பஞ்சாலைகள் பல அதை ஏற்றுக்கொண்டன. ஏன்? தீக்காப்பீட்டுக் கழகங்கள் கேட்டன. கூரையிலே நீர்க்குழாய் போட்டால் காப்பீட்டுத் தொகை குறைந்தது. பஞ்சைக் காக்கக் குழாய் போட்டால் பணம் மிச்சமாயிற்று, போட்டனர். பெண்களைக் காக்கக் குழாய் போட்டால் என்ன மிச்சம்? டிரையாங்கிள் ஆலையின் கூரையிலே அந்தக் குழாய் இல்லை!

பியானோவுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பெண்ணுக்குக் கிடைக்க 146 பேர் சாகவேண்டியிருந்தது. சாவுக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு அமைத்தது; தொழிற்சாலைச் சட்டங்களைத் திருத்திற்று. அன்று தெருவிலே நின்று அந்தப் பெண்கள் குதித்து மாண்டதைக் கண்ணாரக் கண்டவர்களிலே ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார். 1933ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையிலே அமர்ந்த முதல் பெண் அவர்தான். கண்டதை மறக்கவில்லை அவர். மறந்தவர்கள் எத்தனையோ பேர்!

அதே அமெரிக்காவிலே, 80 ஆண்டுகள் கழிந்த பின், 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள். வட கரோலினா மாநிலத்து ஹாம்லெட் என்ற சிற்றூர். கோழி இறைச்சி பொரித்துப் பொட்டலம் போடும் ஆலை. எண்ணெய்க் குழாய் ஒன்று பிய்ந்து, அடுப்பின் அருகே எண்ணெய் சிதறிற்று; நெருப்பு! தொழிலாளர் ஓடினர் கதவுக்கு. கதவு பூட்டியிருந்தது! கோழித் துண்டைத் திருடுவார்களாம்! 25 பேர் மாண்டனர். கூரையிலே நீர் தெளிப்பான் இல்லை. அந்த ஆலை நடந்த 11 ஆண்டுகளிலே, மாநிலத்துப் பாதுகாப்பு அதிகாரி ஒரு தடவைகூட உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. 1911இலே துணித் துண்டு. 1991இலே கோழித் துண்டு. துண்டு மாறிற்று, பூட்டு மாறவில்லை!

குழாய் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது, அப்போதேனும் அச்சமில்லையா? அதற்கும் பாடம் உண்டு. அதே 1991ஆம் ஆண்டு, பிப்ரவரி 23. பிலடெல்பியா நகரிலே 38 மாடி அலுவலகக் கட்டடம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தல் துணி, தானே சூடேறி, 22ஆம் மாடியிலே நெருப்பாயிற்று. தீயணைப்பு வீரர்கள் மேலே ஏறினர், கட்டடத்துக் குழாயிலே தங்கள் குழாயை மாட்டினர், திறந்தனர். தண்ணீர் வந்தது, வேகமில்லாமல் வந்தது! உயரமான கட்டடம் ஆகையால், குழாயிலே நீரின் அழுத்தம் மிகாமல் இருக்க, பல மாடிகளிலே அழுத்தம் குறைக்கும் வால்வு பொருத்தியிருந்தார்கள். அந்த வால்வுகளைத் தவறான அளவிலே திருகி வைத்திருந்தார்கள். கட்டி முடித்த நாள் தொட்டு அந்த இரவு வரையிலே, அந்தத் தவறு திருத்தப்படவேயில்லை. 19 மணி நேரம் எரிந்தது. எட்டு மாடிகள் சாம்பல். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர்.

பிறகு எப்படி அணைந்தது? 30ஆம் மாடியை நெருப்பு எட்டிப் பார்த்தது. அந்த மாடியிலே இருந்தவர்கள் நீர் தெளிப்பான் போட்டிருந்தார்கள். பத்தே பத்து வாய்கள் திறந்தன. ஒரு நகரத்தின் தீயணைப்புப் படை இரவெல்லாம் போராடி நிறுத்தமுடியாத நெருப்பை, நல்ல நிலையிலே இருந்த பத்துச் சிறு வாய்கள் நிறுத்திக் காட்டின!

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கட்டடம், ஒரே நெருப்பு, ஒரே இரவு. கீழே, சரிபார்க்காத வால்வு, மூவர் சாவு. மேலே, சரியாக இருந்த தெளிப்பான், நெருப்பின் சாவு. இதை விதி என்பாரும் உண்டு. விதியல்ல தோழர்களே, வால்வு! விதியைத் திருப்ப நம்மால் ஆகாது என்பார்கள். வால்வைத் திருப்ப ஒரு பிடியும் ஒரு மனிதனும் போதும்.

“நாங்கள் எல்லாம் சரிபார்த்துச் சான்றிதழே வாங்கிவிட்டோம்!” என்று சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டிக் காட்டும் கனவான்கள் உண்டு. அவர்களுக்காகவே கராச்சியின் கதையைச் சொல்கிறோம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கராச்சி நகரத்து அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலைக்கு, தொழிலாளர் நலத்திலே உலகத் தரம் உடையது என்று அயல்நாட்டு நிறுவனம் ஒன்று சான்றிதழ் வழங்கிற்று. சில வாரங்கள்தான் சென்றன. செப்டம்பர் 11ஆம் நாள் ஆலை எரிந்தது. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர் கருகி மாண்டனர். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. சன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது.

தீ தானாக வரவில்லை, பணம் பறிக்கும் கூட்டம் வைத்தது என்று 2020ஆம் ஆண்டிலே அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியே ஆகட்டும். வைத்தவன் கொலைகாரன்தான். ஆனால் கேட்கிறோம்: தீ வைத்தவனா சன்னலுக்குக் கம்பி போட்டான்? தீ வைத்தவனா வழியை அடைத்தான்? தீ வைத்தவனா சான்றிதழிலே கையொப்பமிட்டான்? நெருப்பு எந்தக் கையிலிருந்தும் வரலாம். கள்ளன் கையிலிருந்தும் வரலாம், கந்தல் துணியிலிருந்தும் வரலாம். வந்த நெருப்பிலிருந்து தொழிலாளி தப்ப வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. சான்றிதழும் தாள்தான், நெருப்பிலே அதுவும் எரியும்!

நம் நாட்டுக்கு வருவோம். சட்டமே இல்லையா என்றால், உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 38ஆம் பிரிவிலே அழகாகவே எழுதி வைத்தது: தீ எழாமலும் பரவாமலும் தடுக்கவேண்டும், தப்பிச் செல்லும் வழி வேண்டும், அணைக்கும் கருவி வேண்டும், அவற்றை வைத்தால் மட்டும் போதாது, நல்ல நிலையிலே பேணவேண்டும், தொழிலாளர் அனைவருக்கும் வழி தெரிந்திருக்கவேண்டும், பயிற்சியும் தந்திருக்கவேண்டும் என்று. 1987ஆம் ஆண்டுத் திருத்தம், தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்தது. அந்தச் சட்டத்தைப் பிறகு வந்த 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் தன்னுள் இழுத்துக்கொண்டது. பிரிவின் எண் மாறும், பெயர் மாறும். பேணவேண்டிய கடமை எவர் தலையிலே இருந்ததோ அவர் தலையிலேதான் இருக்கிறது.

பேணுவது என்றால் என்ன? அங்கேதான் சூட்சுமம்! வாங்குவது எளிது, ஒரு நாள் செலவு, திறப்பு விழாவிலே படம் பிடித்துக்கொள்ளலாம். பேணுவதற்குப் படம் கிடையாது, மாலை கிடையாது. வாரந்தோறும், மாதந்தோறும், யாரோ ஒருவர் குனிந்து பார்க்கவேண்டும், திறந்து பார்க்கவேண்டும், எழுதி வைக்கவேண்டும். அந்த ஏட்டை அமைதியாக ஓர் அறையிலே உட்கார்ந்து, பன்னிரண்டு மாதக் கையெழுத்தையும் ஒரே பேனாவிலே ஒரே மூச்சிலே போட்டு முடிப்பாரும் உண்டு. ஏடு தூய்மை, எழுத்து முத்து, குழாயிலே மட்டும் காற்று!

“செலவு ஐயா, செலவு!” என்பார்கள். வண்டிக்கு எண்ணெய் போடுகிறீர்கள், அது செலவில்லையா? கதிருக்கும் தறிக்கும் பழுது பார்க்கிறீர்கள், அது செலவில்லையா? தறி நின்றால் இன்றே நட்டம் தெரிகிறது, ஆகவே பார்க்கிறீர்கள். தீயணைக்கும் பம்பு நின்றிருப்பது நெருப்பு வரும் நாள் வரையிலே தெரிவதில்லை, ஆகவே பார்ப்பதில்லை. வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வுக்கு, நெருப்பின் முன்னே நிற்கும் வைக்கோற்போரை உவமை சொன்னார் வள்ளுவர். நூற்பாலையிலே வைக்கோலுக்குப் பதில் பஞ்சு, அதுதான் வேற்றுமை!

இனி, தோழர்களே, நமக்குள்ளே பேசுவோம். முதலாளி செய்யவேண்டியதை அவர் செய்யட்டும், செய்ய வைப்போம். ஆனால் அவர் செய்கிறாரா என்று கண்டறியப் பட்டம் வேண்டியதில்லை. இரண்டு கண்ணும் பத்து நிமிடமும் போதும். நாளைக்கு ஷிப்டுக்குப் போகும்போது பாருங்கள்.

சிவப்பு உருளையைப் பாருங்கள். அதற்கு முன்னே பெட்டியும் மூட்டையும் அடுக்காமல், கை நீட்டினால் எட்டும்படி இருக்கிறதா? ஊசியும் முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா? முள் பச்சையிலே நிற்கிறதா? குழல் வெடித்திருக்கிறதா? வாய்க்குள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா? அட்டையிலே எந்தத் தேதி? கரியமில வாயு உருளைக்கு அழுத்தம் காட்டும் முள் கிடையாது; அதை எடை போட்டுத்தான் அறியவேண்டும். நிறைந்திருக்கும்போது என்ன எடை என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். வாயுவிலே பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் திரும்ப நிரப்பவேண்டும். எந்த நெருப்புக்கு எது என்றும் அறிந்து வையுங்கள். பஞ்சுக்கும் மரத்துக்கும் தண்ணீர் ஏற்றது. மின்சாரத்தால் எரியும் நெருப்பிலே தண்ணீரை ஊற்றினால், ஊற்றுபவனையே மின்சாரம் அடிக்கும். எரியும் எண்ணெயிலே ஊற்றினால், எண்ணெய் தெறித்து நெருப்பு நாலு பக்கமும் பாயும்.

கூரையைப் பாருங்கள். நீர் தெளிப்பான் இருந்தால், அதன் வாயிலே சிறு கண்ணாடிக் குமிழ் தெரியும். சிவப்புக் குமிழானால் 68 டிகிரி வெப்பத்திலே உடைந்து வழிவிடும். நெருப்புக்கு நேர் மேலே உள்ளது மட்டுமே திறக்கும். வெள்ளையடிக்க வந்தவர் குமிழின் மேலும் வண்ணம் பூசிவிட்டாரா? பூசியிருந்தால் அதைத் துடைப்பது பயன் தராது, மாற்றவேண்டும். சரக்கைக் கூரை முட்ட அடுக்கியிருக்கிறார்களா? தெளிப்பானுக்குக் கீழே ஒன்றரை அடியேனும் வெற்றிடம் இல்லையானால் தண்ணீர் பரவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரை விடும் பெரிய வால்வு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். தெளிப்பான் இருந்தும் பயன்படாத இடங்களிலே பெரும்பாலானவற்றிலே, கருவி பழுதில்லை, எவரோ எப்போதோ வால்வை மூடியவர், மறுபடியும் திறக்க மறந்தார், அவ்வளவே! திறந்த நிலையிலேயே சங்கிலி போட்டுப் பூட்டவேண்டிய பூட்டு அது ஒன்றுதான். அதைப் பூட்டமாட்டார்கள், ஆட்கள் ஓடும் கதவைப் பூட்டுவார்கள்!

பம்பு அறையைப் பாருங்கள். டீசல் பம்பை வாரம் ஒருமுறை ஓட்டுகிறார்களா? தொட்டியிலே டீசல் இருக்கிறதா? பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா? அபாய மணியை அடித்துப் பார்த்தது எப்போது? தறிச் சத்தத்திலே அது எவர் காதிலேனும் விழுமா? விழாதென்றால் சுழல் விளக்கு வேண்டும் என்று கேளுங்கள். கதவு, உள்ளே ஆள் இருக்கும்போது, சாவியைத் தேடாமல் தள்ளினால் திறக்கிறதா? இரவு ஷிப்டிலும் திறக்கிறதா?

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். மணல் வாளியிலே துப்பியது முதலாளி அல்ல! பஞ்சு பறக்கும் இடத்திலே பீடி பற்ற வைப்பது முதலாளி அல்ல! கருவியின் கழுத்திலே தூக்குச்சட்டி மாட்டியதும், அவசர வழியிலே சைக்கிளைச் சாத்தியதும், பம்புத் தொட்டி டீசலைத் தன் வண்டிக்கு உறிஞ்சியதும் யார்? ‘நம்மவர்தானே’ என்று கண்டும் காணாமல் இருப்பது தோழமை ஆகாது. நெருப்புக்கு நம்மவர் அயலார் என்ற வேற்றுமை தெரியாது. நம் கை சுத்தமாக இருந்தால்தான், முதலாளியை நோக்கிச் சுட்டும் விரலுக்கு வலிமை உண்டு.

சங்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோரிக்கைப் பட்டியலிலே பஞ்சப்படிக்கும் போனசுக்கும் பக்கத்திலே, இன்னொரு வரி சேருங்கள்: தீக்காப்புக் கருவிகளைச் சோதிக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் உடனிருக்கவேண்டும், சோதனை ஏட்டிலே அவரும் கையொப்பமிடவேண்டும், ஏடு தொழிலாளர் பார்க்கும் இடத்திலே இருக்கவேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறையேனும், எல்லா ஷிப்டிலும், மணி அடித்து ஆட்களை வெளியேற்றிப் பழக்கவேண்டும். இதற்காக ஆலை கவிழ்ந்துவிடாது. பழகாமல் இருந்ததால் எரிந்த ஆலைகள் உண்டு.

நியூயார்க்கிலே அன்று அந்தக் குழாயைத் திருகிய கையை நினைத்துப் பாருங்கள். திருகிய கணத்திலே அந்தக் கைக்குரியவன் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருப்பான்! ஒரே ஒரு நாள், அதற்கு ஒரு வாரம் முன்னே, எவரேனும் அதே குழாயைத் திருகிப் பார்த்திருந்தால்? “தண்ணீர் வரவில்லையே!” என்று ஒரே ஒரு குரல் எழுந்திருந்தால்? அந்தக் குரல் அங்கே எழவில்லை.

இங்கே எழட்டும்! சான்றிதழைக் காட்டுவார்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஏட்டைக் காட்டுவார்கள், படித்துவிட்டு மூடுங்கள். பிறகு, மரியாதையாக, உரத்த குரலிலே கேளுங்கள்:

“தாளைக் காட்டியது போதும்; குழாயைத் திறந்து காட்டுங்கள்!”